ஒரே பார்லர், ஒரே நாள், இரண்டு முகங்கள்: தருமபுரியிலிருந்து ஒரு டெர்மாப்ளேனிங் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் இருவரும் அக்கா, தங்கை. இருவரின் சம்மதத்தோடும் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே இருக்கின்றன. நான் தருமபுரியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். பிளேடால் முகத்தை வழித்துச் சுத்தம் செய்யும் டெர்மாப்ளேனிங் இப்போது எங்கள் பக்கத்துப் பார்லர்களின் விலைப்பட்டியலிலும் வந்துவிட்டது. கல்யாணப் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பார்லர் நடத்துகிறவர்களுக்கும், செய்துகொள்ள நினைக்கிறவர்களுக்கும், மருந்துக்கடைக்காரர்களுக்கும் இந்த ஒரு நிகழ்வு உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

தங்கைக்கு வயது 25. பாலக்கோடு பக்கத்துக் கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்காவுக்கு வயது 31, இரண்டு குழந்தைகள். கணவரோடு சேர்ந்து தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். முகத்துக்கு சோப்பு, தலைக்குத் தேங்காய் எண்ணெய், விசேஷ நாளில் கொஞ்சம் பவுடர். அதைத் தாண்டி அவர் எதுவும் பூசியதில்லை.

தங்கையின் குறை, முகத்தில் பூனை முடி அதிகமாகிவிட்டது என்பது. கன்னத்திலும் காதோரமும் மெல்லிய முடி படர்ந்திருந்தது. தாடைக்குக் கீழே சில முடிகள் கொஞ்சம் தடித்துக் கறுப்பாக இருந்தன. நிச்சயதார்த்த போட்டோவில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டு அந்த முடியெல்லாம் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தபோது அக்காவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பார்லருக்குப் போயிருக்கிறார். "நீயும் பண்ணிக்கோக்கா, நான் காசு தர்றேன்" என்றதால் அக்காவும் உட்கார்ந்தார்.

டெர்மாப்ளேனிங் என்ன செய்கிறது

தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கூரான பிளேடை ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் வைத்து, குட்டிக் குட்டி இழுப்பாக வழிப்பதுதான் இந்தச் சிகிச்சை. மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்கான பிளேடைப் பயன்படுத்துவார்கள். பார்லர்களில் பெரும்பாலும் புருவம் திருத்தும் சிறு ரேசர் இருக்கும். தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த செல் அடுக்கில் கொஞ்சமும், பூனை முடியும் இதில் நீங்கும்.

நன்மை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. முகம் உடனே வழவழப்பாகும். மேக்கப் திட்டுத்திட்டாக நிற்காமல் சமமாகப் படியும். ப்ளீச்சில் வரும் எரிச்சலோ, த்ரெட்டிங்கில் முடியை வேரோடு இழுக்கும் வலியோ இல்லை. தகுதியான முகத்தில் கவனமாகச் செய்தால் மறுநாளே வேலைக்குப் போகலாம். பலன் மூன்று நான்கு வாரம் நிற்கும். தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும், முடியும் அதற்குள் வளர்ந்துவிடும். மங்கு, ஆழமான பருத்தழும்பு, சுருக்கம் ஆகியவற்றை இது போக்காது. போக்கும் என்று விளம்பரம் செய்பவர்களுக்கு ஆதாரமாகக் காட்டப் பெரிய ஆய்வுகள் எதுவும் இல்லை.

வழித்தால் முடி தடித்து வளரும் என்ற பயம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இவர்களின் அம்மாவும் முதலில் அதைத்தான் சொல்லித் தடுத்திருக்கிறார். அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே சவரத்தை வைத்து இதை ஆராய்ந்து, முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று காட்டிவிட்டார். முடியின் நுனி இயல்பாக ஊசிபோல் மெலிந்திருக்கும். வெட்டிய பிறகு அது மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரவென்று படுகிறது. அம்மா பயந்தது நடக்கவில்லை. நடந்த தீங்குக்குக் காரணம் வேறு.

பார்லரில் நடந்தது

தங்கையின் அனுமதி பெற்று நான் பார்லர் நடத்தும் பெண்ணிடம் பேசினேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை, பயன்படுத்திய பொருட்களை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். இருவருக்கும் தனித்தனியாகப் புது பிளேடு பிரித்திருக்கிறார். இது முக்கியம். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகவே ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் பரவ முடியும், ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்கு எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. கையுறை போட்டிருந்தார். முகத்தைத் துடைத்துக் காயவிட்டு ஆரம்பித்திருக்கிறார். கை வேலையில் நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

அக்காவுக்கு வழித்ததோடு நிறுத்தி, ஈரப்பதம் தரும் க்ரீம் தடவி அனுப்பிவிட்டார். தங்கை கல்யாணப் பெண் என்பதால் 'பிரைடல் பேக்கேஜ்'. வழித்த கையோடு, அமிலத்தால் தோலின் மேலடுக்கை உரிக்கும் க்ளைகாலிக் பீல், அதன் மேல் ஒரு வைட்டமின் சி சீரம். பீல் பாட்டிலை நான் பார்த்தேன், எத்தனை சதவீதம் என்று அதில் அச்சிடவே இல்லை. ஆகவே இருவருக்கும் நடந்தது முழுக்க ஒன்றல்ல. இந்த ஒப்பீட்டைப் படிப்பவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"முகத்துக்கு ஏதாவது க்ரீம் போடுறியாம்மா?" என்று பார்லர் நடத்தும் பெண் கேட்டிருக்கிறார். "சாதாரண க்ரீம்தான்க்கா" என்று தங்கை சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது சாதாரண க்ரீம்தான், தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பெண்கள் பலரும் அதைத்தான் பூசுகிறார்கள்.

அடுத்த சில நாட்கள்

அன்று இரவே தங்கைக்கு முகம் எரிந்தது. மறுநாள் சிவந்து வீங்கியது. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் அந்தச் சாதாரண க்ரீமையே எடுத்துத் தடவியிருக்கிறார். எரிச்சல் உடனே அடங்கியது. அதனால் தினம் இரண்டு வேளை பூசத் தொடங்கினார். ஆறாம் நாள் வாயைச் சுற்றிச் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள். பார்லரில் கற்றாழை ஜெல் போடச் சொன்னார்கள். தாடையில் பிளேடு போன பாதையெல்லாம் பழுப்புக் கோடுகளாகக் கறுக்க ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் ஸ்கூட்டியில் அக்காவோடு என்னிடம் வந்தார், துப்பட்டாவால் முகம் முழுக்க மூடியிருந்தது.

முதல் பரிசோதனையில் கண்டவை

கன்னங்கள் இரண்டும் சிவந்திருந்தன. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்தபோது மெல்லிய ரத்தக்குழாய்கள் வலைபோல் விரிந்து தெரிந்தன. இவை ஒன்பது நாளில் உருவாகக் கூடியவை இல்லை. வாயைச் சுற்றிக் கொப்புளங்கள், ஆனால் உதட்டின் ஓரத்தை ஒட்டிய மெல்லிய வளையம் மட்டும் பாதிக்கப்படாமல் இருந்தது. தாடையில் தடித்த முடி இருந்த இடத்தில் கீறல்களும் கறுத்த கோடுகளும். நெற்றியில் தோல் நிறத்திலேயே, தலை தட்டையான நான்கைந்து பொட்டுகள். வீட்டில் அவற்றைப் பொடிப்பரு என்று நினைத்திருந்தார்கள். அவை தட்டை மருக்கள், வைரஸால் வருபவை. அவற்றின் மேலும் பிளேடு போயிருந்தது.

"அந்த க்ரீம் டியூப் இருந்தா எடுத்துட்டு வாம்மா" என்றேன். கைப்பையிலேயே வைத்திருந்தார். ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. மூன்று மருந்துகளின் கலவை. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மங்கு உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து இது. இவர் சிவப்பாக வேண்டும் என்பதற்காக எட்டு மாதமாகத் தினமும் பூசியிருக்கிறார். டியூபின் மேல், மருந்துச்சீட்டு இருந்தால்தான் தர வேண்டும் என்பதைக் காட்டும் சிவப்புக் கோடு இருந்தது. மருந்துச்சீட்டு கேட்காமலேயே கடையில் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த டியூபைப் பார்த்த பிறகு கதை முழுக்க வரிசையாக விளங்கியது. முகத்தில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசினால் தோல் மெலியும், ரத்தக்குழாய் விரியும், பரு மாதிரிக் கொப்புளம் வரும், பூனை முடியும் அதிகமாகும். அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கிவிடுவதால் மரு போன்ற வைரஸ் தொற்றும் தங்கிப் பரவ வழி கிடைக்கும். கலவையில் உள்ள ட்ரெட்டினாயின், மேல் அடுக்கை இன்னும் இளக்கி வைத்திருக்கும். எந்த முடியை எடுக்க இந்தப் பெண் பார்லருக்குப் போனாரோ, அந்த முடியில் பெரும்பங்கு அவர் சிவப்பாக வேண்டும் என்று பூசிய க்ரீமாலேயே வந்தது. அந்த க்ரீமால் மெலிந்துபோன தோலின் மேல்தான் பிளேடும் பீலும் பட்டன. பிறகு எரிச்சலை ஆற்றியதும் அதே க்ரீம்தான், அதனால் அவருக்கு அதன் மேல் சந்தேகமே வரவில்லை.

மாதவிலக்கு பற்றிக் கேட்டேன். ஒன்றரை மாதம், இரண்டு மாதம் தள்ளித் தள்ளித்தான் வரும் என்றார். ஷிப்ட் வேலையால் அப்படி இருக்கும் என்று வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. தாடையில் இருந்த தடித்த முடி வேறு கணக்கு என்பது அப்போதே புரிந்தது. பூனை முடி ஸ்டீராய்டால் கூடலாம், தாடையில் தடித்துக் கறுத்து வளர்வதற்கு ஹார்மோனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பூஞ்சைத் தொற்று ஸ்டீராய்டுக்கு அடியில் ஒளிந்திருப்பது எங்கள் பக்கம் சகஜம் என்பதால், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தோம். பூஞ்சை இல்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

கல்யாணத்துக்கு ஐந்து வாரம்கூட முழுதாக இல்லை. முதல் கேள்வி, க்ரீமை எப்படி நிறுத்துவது. சட்டென்று நிறுத்தினால் சில நாளில் முகம் முன்பைவிட மோசமாகச் சிவந்து கொப்புளிக்கும். அந்த வேதனையில் பலர் மறுபடி டியூபைத் தேடிப் போய்விடுவார்கள். நிறுத்தாமல் இழுத்தால் கல்யாணத்தன்று முகம் பார்க்க நன்றாக இருக்கலாம், அடுத்த ஆறு மாதம் நரகம். இரண்டையும் அவரிடம் அப்படியே சொன்னேன். "கல்யாணம் முடியட்டும் டாக்டர், அப்புறம் நிறுத்திடறேன்" என்றார் அவர். அக்காதான் குறுக்கிட்டார்: "அப்புறம் நீ நிறுத்தவே மாட்ட பாப்பா."

அன்றே மூன்று மருந்துக் கலவையை நிறுத்தினோம். திடீரெனக் கிளம்பும் சிவப்பைத் தணிக்க ஒரு வாரம் மட்டும் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோன் 1%, அதுவும் ஒரு வேளை. பிறகு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் 0.03% களிம்பு, இரவில். கொப்புளங்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் ஒரு வேளை, மூன்று வாரம். கர்ப்பக் காலத்தில் அந்த மாத்திரை கூடாது, கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதால் கால அளவை அப்படி வைத்தேன். வெயிலில் தோல் சீக்கிரம் கருகவும் அது காரணமாகலாம். அதனால் துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன், வெளியே போனால் குடை. வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் ஒரு நாளைக்குப் பலமுறை. இவை இவருக்காக எழுதிய மருந்துகள். இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் கேட்டு வாங்க வேண்டாம், அப்படி வாங்கியதில்தான் இந்தக் கதையே ஆரம்பித்தது.

பழுப்புக் கோடுகளுக்கு உடனே எதுவும் தரவில்லை. தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நம் தோல் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகை. காயமோ எரிச்சலோ பட்ட இடம் கறுத்துவிடும் இயல்பு அதற்கு அதிகம். கறுப்பைப் போக்கும் க்ரீம்களே கொஞ்சம் எரிச்சல் தருபவைதான். எரிந்துகொண்டிருக்கும் தோலில் அவற்றைப் போட்டால் கறுப்பு இன்னும் கூடும். முதலில் ஆறட்டும் என்று முடிவு செய்தேன்.

மருக்களையும் தொடவில்லை. சூட்டுக்கருவியால் எடுத்தால் பொருக்கு விழ ஒரு வாரம், தழும்பு கறுக்க ஒரு வாரம், கல்யாணத்துக்குள் ஆறாது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். தட்டை மருவின் மேல் பிளேடு ஓடினால் வைரஸ் கீறல் வழியே வரிசையாக விதைக்கப்படும். ஆண்களுக்குத் தாடியில் சவரம் செய்த வழியே மரு பரவுவதைப் போலத்தான் இதுவும். புது மருக்கள் வெளியே தெரிய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். கல்யாணத்துக்குப் பிறகு கோடுபோல் பொட்டுகள் வந்தால் பயப்படாதே, மறுபடி எதையும் வைத்து வழிக்காதே, நேராக வா என்றேன்.

ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எழுதிக் கொடுத்தேன். கல்யாண நேரத்தில் 'நீர்க்கட்டி' என்ற சொல்லைக் கேட்டால் வீட்டில் கலவரமாகிவிடும் என்று அம்மா தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிராமத்தில் ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட் எத்தனை வாய் சுற்றி வரும் என்று எங்களுக்குத் தெரியும். பிறகு பெண்ணிடம் தனியாகப் பேசினேன். ரிப்போர்ட் அவர் கைக்கு மட்டும் வரும், யாரிடம் சொல்வது என்பதும் அவர் முடிவு என்று ஆனது. பரிசோதனை செய்துகொண்டார்.

கல்யாணம் வரை

எதிர்பார்த்தபடி இரண்டாவது வாரம் முகம் கிளம்பியது. காலை எழுந்தால் கன்னம் தக்காளி நிறம், தொட்டால் நெருப்பு. அந்த வாரத்தில் இரண்டு முறை அழுதுகொண்டே போன் செய்தார். வீட்டில் இருந்த டியூபையெல்லாம் அக்கா எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டது பெரிய உதவி. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் போடச் சொன்னேன், மாய்ஸ்சரைசரைக் குளிர்பெட்டியில் வைத்துத் தடவச் சொன்னேன். இரவு ஷிப்டிலிருந்து மூன்று வாரம் மாற்றல் வாங்கிக் கொண்டார். நான்காவது வாரம் கொப்புளங்கள் வற்றின, சிவப்பு பாதிக்கு மேல் குறைந்தது. கோடுகள் அப்படியே இருந்தன.

நலங்கு ஒரு தனிப் பேச்சாகிப் போனது. "மஞ்சள் பூசாம என்ன நலங்கு டாக்டர்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மஞ்சளை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆறாத தோலில் எதைத் தேய்த்தாலும் உறுத்தும். கடையில் பாக்கெட்டில் வரும் பூசுமஞ்சளில் வாசனையும் சாயமும் சேர்ந்திருந்தால் ஒவ்வாமையும் வரலாம். கை, கால், கழுத்துக்கு வீட்டில் அரைத்த மஞ்சள், முகத்துக்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு அத்தையும் சித்தியும் கையில் மஞ்சளோடு வந்தபோது அக்கா பக்கத்திலேயே நின்று, "கைல வைங்க, முகத்துல டாக்டர் வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

மேக்கப் போடும் பெண்ணிடமும் அக்காவே பேசினார். ஸ்க்ரப் கிடையாது, ப்ளீச் கிடையாது, ரேசர் கிடையாது. போடப்போகும் ஃபவுண்டேஷனை ஒரு வாரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாயிற்று. மரு இருப்பதால் ஸ்பாஞ்சும் பிரஷ்ஷும் தங்கைக்கென்று தனியாக வாங்கினார்கள். ரிசப்ஷன் மேடை விளக்கில் தாடைக் கோடுகள் தெரியவில்லை. பூனை முடி தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வந்தார். சொன்னபடியே நெற்றியில் இரண்டு கோடுகளாகப் பொடி மருக்கள், இடது கன்னத்தில் ஒரு கோடு. பிளேடு போன திசையிலேயே வரிசை கட்டி நின்றன. குழந்தைக்கு முயற்சி செய்யும் எண்ணம் இருப்பதாகச் சொன்னதால், மருவுக்குப் பூசத் தரும் ட்ரெட்டினாயின் பக்கம் நான் போகவில்லை. உறைய வைக்கும் சிகிச்சையில் நம் தோலில் வெள்ளைத் திட்டு விழும் வாய்ப்பு உண்டு. தட்டை மருக்கள் பல நேரம் தானாகவே போய்விடக்கூடியவை, அதிலும் ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு உடம்பு அவற்றை அடையாளம் கண்டு எதிர்க்க வாய்ப்பு அதிகம். காத்திருக்கலாம் என்றேன். மூன்றாவது மாதத்தில் மருக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவந்து அரித்தன. பயந்துபோய் ஓடி வந்தார். எனக்கு அது நல்ல செய்தி, எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதன் அடையாளம். சில வாரங்களில் பெரும்பாலானவை உதிர்ந்தன. மிச்சம் நின்ற சிலவற்றை மிக லேசாகச் சூடு வைத்து எடுத்தோம்.

கறுப்புக் கோடுகளுக்கு அசெலாயிக் அமிலக் க்ரீம் தொடங்கினோம், கர்ப்பக் காலத்திலும் தொடரலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்தாவது மாதத்தில் கோடுகள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கின. விரிந்த ரத்தக்குழாய்கள் சில இன்னும் இருக்கின்றன, அவை முழுவதும் போகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கன்னத்துப் பூனை முடி, க்ரீம் நின்ற சில மாதங்களில் தானாகவே குறைந்துவிட்டது. அதற்கு எந்தச் சிகிச்சையும் நான் தரவில்லை.

ஸ்கேனில் சினைப்பைகளில் நீர்க்கட்டிக்கான தோற்றம் இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் சற்றுக் கூடுதல், தைராய்டு சரி. மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். கணவரிடம் அவரே சொல்லிவிட்டார், கலவரம் எதுவும் நடக்கவில்லை. தாடை முடிக்கு லேசர் செய்யலாம், நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. கர்ப்பமானால் இடையில் நிறுத்த வேண்டும் என்பதால் தள்ளிப் போட்டிருக்கிறார். அதுவரை தடித்த முடியை மட்டும் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கிக்கொள்கிறார்.

அக்காவின் முகம்

அக்காவுக்கு எந்தப் பிரச்சினையும் வரவில்லை. அன்று மாலை லேசான சிவப்பு, மறுநாள் அதுவும் இல்லை. முகம் பளிச்சென்று இருந்தது, கல்யாணத்தில் எல்லோரும் அவரைத்தான் விசாரித்தார்களாம். முடி தடித்து வளரவில்லை. பார்லர் பெண் அவரிடம் ஒரு வாரம் வெயிலில் மூடிக்கொண்டு போகச் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். தக்காளி பறிக்கும்போது தலையில் துண்டைப் போட்டு முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். புதிதாக வெளிப்பட்ட தோலில் சித்திரை வெயில் நேராகப் பட்டிருந்தால் அவர் முகமும் கறுத்திருக்கலாம்.

அவருக்குப் பரு இல்லை, மரு இல்லை, வாய் ஓரத்தில் அக்கிக் கொப்புளம் வந்ததில்லை, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடவில்லை, முகத்தில் எந்த மருந்தும் பூசவில்லை. டெர்மாப்ளேனிங் இப்படிப்பட்ட முகத்துக்கான சிகிச்சை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் பிளேடுக்குப் போக வேண்டும்.

இனி மாற வேண்டியவை

பார்லர் நடத்தும் பெண் என்னோடு உட்கார்ந்து ஒரு பக்கக் கேள்வித்தாள் தயாரித்தார். அதில் 'க்ரீம் போடுகிறீர்களா' என்ற கேள்வியே கிடையாது. அதற்குப் பதில், முகத்தில் பூசும் எல்லாவற்றையும் டியூபோடு கொண்டுவர வேண்டும், அல்லது போனில் படம் எடுத்து வர வேண்டும். பெயர் ஸ்டீராய்டு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டியூபில் சிவப்புக் கோடு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. ட்ரெட்டினாயின் உள்ள எதையும் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நெற்றியில், கன்னத்தில் தட்டையான பொட்டுகள் தெரிந்தால் முகம் முழுக்கவே வழிக்கக் கூடாது. தாடையில் தடித்த முடி இருந்தால் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதைப் பெண்ணுக்குப் பெண் கேட்கும்போது பதில் கிடைத்துவிடுகிறது என்றார் அவர். வழித்த அன்றே பீல் போடும் பேக்கேஜை எடுத்துவிட்டார். கல்யாணப் பெண்ணுக்கு முதல்முறையாகச் செய்வதென்றால் முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பு ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான், ஆறு வாரத்துக்குள் புதிதாக எதுவும் கிடையாது. இந்த விதியால் சில வாடிக்கையாளர்களை இழந்தார், ஆனாலும் தளர்த்தவில்லை. எனக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

மருந்துக்கடை விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு கலந்த தோல் க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துகளில் சேர்த்தது. இந்தியாவின் பல ஊர்களில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். என் அறைக்கு வரும் இளம் பெண்களைப் பார்த்தால் நிலைமை மாறிவிட்டதாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் சில கடைக்காரர்களிடம் நேரில் போய்ப் பேசினேன். ஒருவர் அந்தக் கலவையைச் சீட்டில்லாமல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். இன்னொருவர், "நான் குடுக்கலைன்னா எதிர்க் கடையில வாங்கிக்குவாங்க. இன்ஸ்பெக்டர் சார்கிட்ட சொல்லுங்க" என்று மருந்து ஆய்வாளர் பக்கம் கைகாட்டினார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஒரு கடை மட்டும் நிறுத்தினால் போதாது.

தொழிற்சாலைப் பெண்களிடம் இது கையோடு கை மாறிப் பரவுகிறது. ஒருத்தி சிவந்துவிட்டால் அந்த லைனே வாங்குகிறது. இந்தப் பெண் தன் முகம் கிளம்பியிருந்த வாரத்துப் படங்களைத் தானாகவே தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார், கூடவே டியூபின் படத்தையும். அந்தக் குழுவிலிருந்து இதுவரை ஏழு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஏழு பேரும் அதே கலவை, குறைந்தது நான்கு மாதம். அவர்களில் இருவருக்கு அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம், இருவரும் பார்லரில் டெர்மாப்ளேனிங்குக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள். பார்லரில் பேசித் தேதியை ரத்து செய்துவிட்டு, க்ரீமை நிறுத்தும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.